கீழ்த் தட்டுப் போத்தல்கள்

ஏழாம் இலக்கப் போத்தலுக்குள் இருந்த பெண் வண்டு, தன் முதுகில் ஏறியிருந்த ஆண் வண்டைப் பின்னங்கால்களால் உதைத்துக்கொண்டிருந்தது. சும்மா உதையில்லை. பால் கறக்க விடாத மாடு உதைக்கிற உதை. ஆண் வண்டு அசையவில்லை. எள்ளளவு உடம்பை வைத்துக்கொண்டு, ஒட்டின பிசின் மாதிரி அப்படியே கிடந்தது.

சுதாஜினி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். காலையில் குடித்த தேத்தண்ணி புளித்துப்போய் தொண்டை வரைக்கும் ஏறியது. அதை விழுங்கிவிட்டு, கொப்பியில் ஏழுக்கு நேரே ‘சேர்ந்தது, ஐந்து நிமிடம்’ என்று பென்சிலால் எழுதினாள். பிறகு அதன்மேலேயே பேனையால் எழுதினாள். ஐந்து தானா? மணிக்கூட்டை எப்போது பார்த்தாள்? ‘ஆறாகவும் இருக்கலாம்’ என்று பக்கத்தில் சின்னதாகச் சேர்த்தாள்.

குசினி யன்னலோரம் இரண்டு பலகைத் தட்டுகள். மேல் தட்டில் பத்து ஜாம் போத்தல், கீழ்த் தட்டில் பத்து. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கௌபிப் பயற்று விதை, ஒரு பெண் வண்டு. வாயில் துணி கட்டி இறப்பர் வளையம் போட்டிருந்தாள். ஒவ்வொரு நாள் காலையும் ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு புது ஆண் வண்டைத் தூரிகை நுனியால் தள்ளி விடவேண்டும். ஒரு மணித்தியாலம் பார்த்திருந்து, சேர்ந்ததா இல்லையா என்று குறிக்கவேண்டும். பிறகு ஆணை வெளியே எடுக்கவேண்டும். இன்றைக்கு ஆறாவது நாள்.

உருத்திரபுரத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வாரத்தில் மூன்று பின்னேரம் சைக்கிளில் போய், அவள் ஒரு விவசாயச் சான்றிதழ் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பூச்சியியல் படிப்பிக்கிற முத்துலிங்கம் சேர், தலைப்புகளைச் சீட்டில் எழுதித் தன் ஹெல்மெட்டுக்குள் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு நெல்லுத் தத்தி, மிளகாய்ப் பேன், வெண்ணிற ஈ என்று மரியாதையான பூச்சிகள் போயின. சுதாஜினியின் சீட்டில் ‘பெண் பூச்சி ஏன் ஒரு தடவைக்கு மேல் சேர்கிறது?’ என்று இருந்தது. அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"பிள்ளை." தாய் நேசமலர் வாசலில் நின்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, வலது காதைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து நின்றாள். இடது காது அவளுக்குக் கேளாது. "திங்கக்கிழமை பத்து மணிக்குத்தான் கலியாண எழுத்து. ரெண்டு சாட்சி வேணுமாம். அவற்ற பக்கத்தால தம்பிக்காரன் வாறார். என்ர பக்கத்தால நீ வந்து கையெழுத்து வைச்சா நல்லது."

சுதாஜினி போத்தலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேற ஆளைப் பிடியுங்கோ."

"ஆரைப் பிடிக்கிறது? யாழ்ப்பாணத்தில இருந்து மாமா சித்தப்பா எண்டு ஒருத்தரும் வரமாட்டினம். பின்ன, பக்கத்து வீட்டு இராசேஸ்வரியையே கேட்கிறது?"

"எனக்குத் தெரியாது."

"அப்ப சரி. நீ வரேல்லையெண்டா நானும் போகேல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வரேக்க சொல்லிவிடுறன்."

"சீ!" என்றாள் சுதாஜினி. வண்டைப் பார்த்துச் சொன்னாளா, தாயைப் பார்த்துச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தாய் அதைக் கேட்டாளா என்பதும் தெரியவில்லை. எந்தக் காதுப் பக்கம் சொன்னோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தாள். வலது பக்கம்தான்.

அவர் என்பது பழனியாண்டி. உருத்திரபுரச் சந்தியில் உழவு மெசின் திருத்துகிற ஆள். ஐம்பது வயது, மனைவி செத்துப் பத்து வருசம். பெற்றோர் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டு வாங்கிக்கொண்டு வருவார். அந்த நண்டைச் சாப்பிடுகிற விதம்தான் சுதாஜினிக்குத் தாங்காது. காலை உடைத்து, உறிஞ்சி, உறிஞ்சினதைத் திரும்ப ஒருக்கால் உறிஞ்சி, விரலை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு எடுப்பார். நகக்கண்ணில் கறுப்பாய்க் கிறீஸ் இருக்கும். கிறீஸும் நண்டுச்சாறும் சேர்ந்து அந்த வாய்க்குள் போவதைப் பார்த்தால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

குடிக்க மாட்டார் என்று தாய் சொன்னாள். சுதாஜினி அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று மாதமாக அவர் கிட்ட வரும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கிறீஸும் வேர்வையும்தான் மணந்தன. அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது.

அப்பா குடித்தவர். ஆறு வருசத்துக்கு முன்னம் கசிப்பு அவருடைய ஈரலைத் தின்று முடித்தது. அதற்கும் இரண்டு வருசம் முந்தி, கறிக்கு உப்புக் காணாது என்று அவர் அடித்த அடியில்தான் அம்மாவின் இடது காது போனது. அப்பா செத்த அன்று சுதாஜினியும் அழுதாள். அழுதது சரியா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம். இப்படிப்பட்ட ஒருத்தரோடு பதினேழு வருசம் இருந்துவிட்டு, தப்பினோம் என்று இருக்காமல், நாற்பத்தாறு வயதில் அம்மா ஏன் திரும்பவும் ஒரு ஆம்பிளையைத் தேடிப் போகவேண்டும்? அவளுக்கு விளங்காதது அதுதான்.

வேலியடியில் இராசேஸ்வரிக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "பிள்ளைக்குக் கலியாணம் பேச வேண்டிய வயசில தாய்க்குக் கலியாணம். அதுவும் ஒரு தோட்டக்காட்டு ஆளோட. உடம்பு கேக்குதாக்கும்!" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பினாள். அந்தச் சிவப்பு எச்சில் சுதாஜினியின் சைக்கிள் சில்லில் பட்டது. அவள் சில்லை இரண்டு தரம் கழுவினாள்.

வியாழக்கிழமை வகுப்பில் முத்துலிங்கம் சேர் கௌபி வண்டின் ஆணுறுப்பைக் கரும்பலகையில் கீறினார். நல்ல கை. கள்ளிக்கொப்பு மாதிரி, சுற்றிவர முள்ளு.

"இது உள்ளுக்குப் போய்க் கிழிக்கும். பெண்ணுக்குக் காயம் வரும். அதாலதான் அது உதைக்கிறது. உதைக்கிற உதையில காயம் குறையும் எண்டும் சொல்லுகினம்."

பின்வாங்கில் இருந்து கிருசாந்தன் கையை உயர்த்தினான். மடித்துவிட்ட சேர்ட் கை, வாய்க்குள் எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பவன். "அப்பிடிக் கிழிபட்டும் ஏன் சேர் திரும்பப் போகினம்? ருசி கண்டுட்டினமோ?"

வகுப்பு சிரித்தது. சேர் "டேய், டேய்" என்றார். ஆனால் அவர் வாயும் ஒரு பக்கம் இழுபட்டது.

"உருத்திரபுரத்துப் பக்கம் விசாரிச்சா விளக்கமாச் சொல்லுவினம் சேர்," என்றான் கிருசாந்தன். சிலர் மேசையில் தட்டினார்கள். சுதாஜினியின் கழுத்தில் வேர்வை இறங்கியது. முன்வாங்கில் இருந்தபடியால் அவள் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவைப்படவில்லை. கரும்பலகையில் இருந்த அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கினதும் சேர் காரணங்களை எழுதினார். பல ஆணின் விந்து கலந்தால் குஞ்சு பலமாக வரலாம். முதல் ஆண் மலடாக இருந்தால் இரண்டாவது ஆண் காப்பாற்றலாம். சில பூச்சியில் ஆண் கொடுக்கிற திரவத்தில் சத்தும் நீரும் இருக்கிறது, அதற்காகவும் போகலாம். மறித்து மறித்துக் களைப்பதைவிட இணங்கிப் போவது சுகம் என்றும் இருக்கலாம். "பூச்சிக்குப் பூச்சி வேற. எல்லாத்துக்கும் ஒரே காரணம் எண்டு எழுதினா நான் புள்ளி போடமாட்டன்."

வகுப்பு முடிய அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"மேல் தட்டுப் பத்தும் சேர்த்து முப்பத்துநாலு தரம். கீழ்த் தட்டுப் பத்தும் பத்தொன்பது தரம். என்ன செய்தனீர் கீழ்த் தட்டுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை சேர். எல்லாம் ஒரே நாளில வெளியில வந்த வண்டுகள்தான். ஒரே விதை."

"வெயில் படுதோ?"

"ரெண்டுக்கும் படாது சேர்."

"அப்ப எங்கேயோ பிழை விட்டிருக்கிறீர். சனிக்கிழமை நீர் வகுப்புக்கு முன்னால வாசிக்க வேணும். அதுக்கிடையில கண்டுபிடியும்."

வீட்டுக்குச் சைக்கிள் மிதித்த வழி முழுக்க அவள் தன் பிழையைத் தேடினாள். கீழ்த் தட்டைப் பார்க்கும்போது முதுகு வலிக்கும். வலியில் அவசரப்பட்டாளா? அருவருப்பில் கண்ணை எடுத்துவிட்டாளா? அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள். தன்னில் பிழை பிடிப்பது அவளுக்கு எப்போதும் சுகமான வேலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைக்குப் போனவள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஆவணி வெயில் முற்றத்து மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. குசினிக்குள் தாய் யன்னலோரம் குந்தியிருந்தாள். ஒரு கையில் சிரட்டைத் தண்ணீர். மற்றக் கையில் பஞ்சு. நனைத்த பஞ்சைக் கீழ்த் தட்டுப் போத்தல் ஒன்றின் துணியில் வைத்து மெல்ல அமத்தினாள். துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டு தொங்கியது. வண்டு ஏறி வந்து அதில் வாயை வைத்தது.

"அம்மா!"

இடது பக்கமாகக் கூப்பிட்டபடியால் நேசமலர் திரும்பவில்லை. சுதாஜினி முன்னால் வந்து நின்றாள்.

"என்ன செய்யிறியள்?"

"தண்ணி வைக்கிறன்."

"எத்தினை நாளா?"

"நீ கொண்டந்து வைச்ச மூண்டாம் நாள் தொடக்கம். மேல் தட்டு எனக்கு எட்டாது. கதிரை வைச்சு ஏறினா முழங்கால் நோகுது. கீழ இருக்கிறதுகளுக்கு மட்டும்தான்."

"ஐயோ, அதுகளுக்குத் தண்ணி வேண்டாம் எண்டு சேர் சொன்னவரல்லோ!"

"ரெண்டாயிரத்தொன்பதில உங்கட சேர் எங்க இருந்தவர்?"

"கொழும்பில."

"அதுதான்." நேசமலர் அடுத்த போத்தலுக்குப் பஞ்சை நனைத்தாள். "மாத்தளனில, சண்டைக்குள்ள, நீ ஆறு வயசு. பங்கருக்குள்ள ரெண்டு நாள் தண்ணியில்லை. நாக்கை வெளியில போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தனி. கேட்கக்கூட இல்லை, சும்மா பார்த்தனி. இதுகளும் கண்ணாடிக்குள்ள இருந்து அப்பிடித்தான் பார்க்குதுகள். எனக்கு ஏலாது பிள்ளை. உயிருள்ளதை அடைச்சு வைச்சா தண்ணி வைக்க வேணும்."

"என்ர ஒரு கிழமை வேலையைப் பழுதாக்கிப்போட்டியள்!" சுதாஜினிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினாள். கத்தத் தொடங்கினதும் வண்டுக் கதை எங்கேயோ போய்விட்டது. "எல்லாத்தையும் பழுதாக்குறியள். வகுப்பில சிரிக்கிறாங்கள். வேலியடியில சிரிக்கிறாளவை. ஒருக்காப் பட்டது காணாதா அம்மா? ஒரு காது போனது காணாதா? மற்றக் காதையும் குடுக்கப் போறியளா? ஏன்? எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு."

நேசமலர் சிரட்டையைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் யோசித்தாள். மகள் கேட்டதற்கு உண்மையாகவே பதில் தேடுகிற முகம் அது.

"தெரியேல்லை பிள்ளை," என்றாள் கடைசியில். "தனிய இருக்கப் பயமெண்டு சொன்னா அது பொய். எனக்குப் பயமில்லை. உழைச்சுத் தாறதுக்கு எண்டா அதுவும் பொய், நான் உழைக்கிறன். அந்த மனுசன் வந்து போனாப் பிறகு வீடு கொஞ்ச நேரம் நல்லாயிருக்கு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது. உன்ர கொப்பிக்குக் காரணம் வேணுமெண்டா நீயே ஒண்டைப் போட்டு எழுது."

அவள் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தாள். சுதாஜினி போத்தல்களுக்கு முன்னால் நின்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் கை தன்பாட்டில் கொப்பியைத் திறந்தது. முதல் இரண்டு நாளும் பார்த்தாள். மேல் தட்டு பதினொன்று, கீழ்த் தட்டு பத்து. மூன்றாம் நாளிலிருந்துதான் கீழ்த் தட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடித்த வண்டுகள் ஆணை அண்ட விடவில்லை. காய்ந்து கிடந்தவை திரும்பத் திரும்ப விட்டன.

அவள் கதிரையில் ஏறி, மேல் தட்டுப் பத்துக்கும் பஞ்சு நனைத்து வைத்தாள். கீழ்த் தட்டுத் துணிகளைக் கழற்றிக் காய்ந்த துணி கட்டினாள்.

"இண்டைக்குக் கீழ வைக்கக் கூடாது," என்று அடுப்புப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "ஒரு நாளைக்கு மட்டும். பிறகு எல்லாத்துக்கும் வையுங்கோ."

சனிக்கிழமை காலை மேல் தட்டில் இரண்டு சேர்ந்தன. கீழ்த் தட்டில் ஐந்து. வெள்ளிக்கிழமை காலை அது ஐந்தும் ஒன்றுமாக இருந்தது. ஒரு நாள் கணக்குப் போதாது என்று ஓரத்தில் எழுதி, அதன் கீழே கோடு போட்டாள்.

அன்று பின்னேரம் வகுப்புக்கு முன்னால் நின்று கொப்பியை வாசித்தபோது அவளுடைய குரல் நடுங்கியது. கீழ்த் தட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள். என் கவனப் பிழை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

"கீழ்த் தட்டு வண்டுகளுக்கு என்ர அம்மா தண்ணி வைச்சிருக்கிறா. எனக்குத் தெரியாமல். தண்ணி கிடைச்ச வண்டுகள் குறைவாச் சேர்ந்திருக்கு. காய்ஞ்ச காலத்தில இந்த வண்டு திரும்பச் சேருறதுக்குத் தாகமும் ஒரு காரணமா இருக்கலாம்."

முத்துலிங்கம் சேர் கதிரையில் நிமிர்ந்தார். "அட! நல்லாயிருக்குதே. அம்மா ஆராய்ச்சிக்காரியோ?"

"அப்ப," என்றான் கிருசாந்தன், வாய்க்குள் இருந்ததை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "வண்டுக்குத் தண்ணி வைச்ச அம்மாவுக்கு ஆர் தண்ணி வைக்கிறது? மெசின் திருத்துறவரோ?"

சிரித்தார்கள். முன்னால் நின்றபடியால் இம்முறை அவளுக்கு எல்லா முகமும் தெரிந்தது. திறந்த வாய்கள். பல்லில் ஒட்டின வடைத்துகள், கடைவாயில் நுரை, உள்நாக்கு. சேரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அத்தனை நாள் பூதக்கண்ணாடிக்குள் பார்த்ததில் ஒன்றும் இவ்வளவு அசிங்கமாக இருக்கவில்லை. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. இந்தச் சிரிப்புக்கு முன்னமே, குசினிக்குள், அம்மாவின் கேட்கிற காதுப் பக்கம் ‘சீ’ என்று சொல்லி அவளும் இதைத்தான் செய்திருந்தாள்.

"கிருசாந்தன்," என்றாள். குரல் இப்போது நடுங்கவில்லை, கரகரத்தது. "நான் இருபது வண்டு பார்த்தனான். ஒம்பது நாள். அதைக் கொண்டு வண்டைப் பற்றியே முழுசாச் சொல்ல ஏலாமல் நிக்கிறன். நீர் என்ர அம்மாவை எத்தினை நாள் பார்த்தனீர்?"

கிருசாந்தன் மெல்லுவதை நிறுத்தினான்.

"வாயை மூடிக்கொண்டு மெல்லும். இங்க இருந்து பார்க்க எல்லாம் தெரியுது."

ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் கிருசாந்தனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் சுதாஜினிக்குப் பிடிக்கவில்லை. கொப்பியை மூடிக்கொண்டு இருக்கையில் வந்து இருந்தாள். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு நாள் கணக்குப் போதாது எண்டு நீரே எழுதியிருக்கிறீர். அதுக்கே ஐஞ்சு புள்ளி," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவவில்லை. நேரே குசினிக்குப் போய்த் தாயின் வலது பக்கம் நின்றாள்.

"திங்கக்கிழமை எத்தினை மணிக்கு எண்டு சொன்னியள்?"

நேசமலர் அகப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "பத்துக்கு."

"எனக்கு அவரைப் பிடிக்கேல்லை அம்மா. இப்பவும் பிடிக்கேல்லை. அவர் சாப்பிடுறதைப் பார்க்கச் சத்தி வருது."

"எனக்கும் நண்டு சாப்பிடேக்க பார்க்கேலாதுதான்," என்றாள் நேசமலர். "நான் சோத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பன்."

திங்கட்கிழமை விவாகப் பதிவாளரின் அறையில் நாலு பேருக்கு மூன்று கதிரை. பழனியாண்டி நின்றார். புதுச் சேர்ட்டு மடிப்புக் கலையாமல் பெட்டி பெட்டியாக நின்றது. கையை எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தும் நகக்கண் கறுப்பாகத்தான் இருந்தது. கையெழுத்து வைக்கும்போது நாக்கை வெளியே நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். சுதாஜினி சுவரைப் பார்த்தாள்.

"சாட்சி ஆர்?" என்றார் பதிவாளர்.

பழனியாண்டி பேனையை அவளிடம் நீட்டினார். அவருடைய வேர்வையில் அது நனைந்து வழுக்கியது. உடம்பு ஒருக்கால் கூசியது. அவள் பேனையைச் சட்டையில் துடைத்தாள். எல்லோரும் பார்த்திருக்கத் துடைத்தாள். பிறகு, காட்டின இடத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். திகதியை இரண்டு தரம் சரி பார்த்தாள்.

வெளியே வெயிலுக்குள் வந்ததும் பழனியாண்டி சேர்ட்டுக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். "வாங்க மகளே, கடையில ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போவோம்."

"மகள் எண்டு கூப்பிடாதேங்கோ," என்றாள் சுதாஜினி. "சுதாஜினி எண்டு கூப்பிடுங்கோ."

அவர் சேர்ட்டுக் கழுத்தில் இருந்து கையை எடுத்தார்.

"சரிங்க," என்றார் பழனியாண்டி. "சுதாஜினி, நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

அவள் யோசித்தாள். "ரோல்ஸ். ஆனா நான் வேற மேசையில இருப்பன்."

"இருங்க," என்றார். அவர் தாயின் வலது பக்கமாகச் சுற்றி வந்து நடக்கத் தொடங்கினார்.